தொட்டியும் இரண்டு குழாய்களும்: தண்ணீர் முடிவுக்கு எந்தக் கணக்கை நம்புவது?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் அடுக்ககத்தில் அசோசியேஷன் கூட்டம் சூடு பிடித்துவிடும். பேச்சு ஒன்றுதான், தண்ணீர். போன கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. போரை இன்னும் நூறு அடி இறக்கலாம் என்றார் ஒருவர். வருடம் முழுக்க லாரிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால் தலைவலி விட்டது என்றார் இன்னொருவர். மொட்டை மாடி மழைநீரை ஒழுங்காகப் பிடித்தாலே பாதிக் கவலை தீரும் என்றார் மூன்றாவது மாடி மாமி. மூவரிடமும் கணக்கு இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. சேர்த்து வைத்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அதனால் இங்கே போரையும் லாரியையும் மழைநீரையும் ஒப்பிடப் போவதில்லை. அவற்றை எடைபோடும் தராசுகளை ஒப்பிடப் போகிறேன். அனுபவக் கணக்கு, எக்செல் கணக்கு, சிஸ்டம் டைனமிக்ஸ் மாடல், ஆளாளுக்கு ஒரு பொம்மை வைத்து ஓட்டும் சிமுலேஷன் என்று நான்கு தராசுகள். என் சாய்வு மூன்றாவதன் பக்கம். ஆனால் எல்லா இடத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் அதே தொட்டியை 8 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும்? விடை 24 மணி நேரம். எந்த மடையன் இரண்டையும் சேர்த்துத் திறப்பான் என்று அன்றைக்குச் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் உலகத்தில் பாதி விஷயம் இரண்டு குழாயும் திறந்தபடிதான் இருக்கிறது. ஏரி, வங்கிக் கணக்கு, ஊரின் மக்கள்தொகை, காற்றில் இருக்கும் கரியமில வாயு என்று எதை எடுத்தாலும் ஒரு இருப்பு, அதற்குள் ஒரு வரவு, அதிலிருந்து ஒரு செலவு.

சிஸ்டம் டைனமிக்ஸ் என்பது இதே கணக்கு வளர்ந்து ஆளானது. ஒரே ஒரு மாற்றம்: குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் தொட்டியின் மட்டமே தீர்மானிக்கும். தொட்டி நிறைந்திருந்தால் நாம் தாராளமாகச் செலவழிப்போம், அடி தெரிந்தால் கையைச் சுருக்குவோம். இப்படி இருப்பு திரும்பி வந்து வரவையும் செலவையும் பிடித்து இழுப்பதற்குப் பெயர் பின்னூட்டம். இழுப்பது உடனே நடக்காமல் சில நாளோ சில வருடமோ கழித்து நடந்தால் தாமதம். இருப்பு, வரவு செலவு, பின்னூட்டம், தாமதம் என்ற நான்கு சொற்கள் போதும். முதல் இரண்டை மளிகைக் கடைக்காரர் தினமும் நோட்டில் எழுதுகிறார். மற்ற இரண்டும் அவர் மனசில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, நாள் நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டே போவதுதான் மாடல்.

கேட்க எளிது. ஆனால் மனசில் வைத்துப் பார்த்தால் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மேலாண்மைப் பள்ளி மாணவர்களிடம் கிட்டத்தட்ட இந்தத் தொட்டிக் கணக்கையே கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது. வரவு, செலவு இரண்டின் வரைபடமும் கையில் இருக்கும், இருப்பு எப்படி ஏறி இறங்கும் என்று வரைய வேண்டும். கணக்கில் தேர்ந்த பலரும் தடுமாறினார்கள். வரவு குறைந்தால் இருப்பும் குறையும் என்று கை தன்னாலே வரைந்துவிடுகிறது. வரவு குறைந்தாலும் செலவைவிட அதிகமாக இருக்கும்வரை இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும் என்பது உடனே தோன்றுவதில்லை.

இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜே ஃபாரஸ்டர் பொறியாளர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். தொடக்ககாலக் கணினிகளின் காந்த நினைவகத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-ல் எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காரர்கள் ஒரு புதிரோடு வந்தார்கள். கென்டக்கியில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் அவர்களது தொழிற்சாலை சில காலம் மூன்று ஷிஃப்ட் ஓடும், சில வருடம் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். பொருளாதார ஏற்ற இறக்கம் என்று காரணம் சொல்லிப் பார்த்தும் அது அவர்களுக்கே திருப்தியாக இல்லை.

ஃபாரஸ்டர் அவர்களிடம் கேட்டது எளிய கேள்வி: சரக்கு குறைந்தால் எவ்வளவு ஆர்டர் போடுவீர்கள், ஆர்டர் கூடினால் எத்தனை பேரை எடுப்பீர்கள்? ஒரு நோட்டுப் பக்கத்தில் கட்டம் போட்டு, மேலே சரக்கு, ஆட்கள், ஆர்டர் என்று தலைப்பு எழுதி, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் சீராகவே இருந்தாலும், தொழிற்சாலையின் சொந்த விதிகளே ஆட்களை ஏற்றி இறக்க வல்லவை என்று அந்தப் பக்கம் காட்டியது. குற்றவாளியை வெளியே தேடிக்கொண்டிருந்தார்கள், அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். இதிலிருந்துதான் பிறகு டைனமோ என்ற கணினி மொழியும், 1961-ல் முதல் புத்தகமும், துறையும் வந்தன.

சரி, எங்கள் தண்ணீருக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை உருட்டிச் சொல்கிறேன். 100 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். இந்த 135 நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஆக ஒரு நாள் தேவை 54,000 லிட்டர். மொட்டை மாடி 2,000 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் 80 சதவீதம் பிடிக்கலாம் என்றால் 22 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் வருகிறது.

அனுபவக் கணக்கில் முடிவு ஒரு வரி. "போன வருடம் ஆறு வாரம் லாரி அடித்தோம், இந்த வருடமும் அவ்வளவுதான் ஆகும்." இதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார், தப்பியதே இல்லை. நேற்றைப் போல இன்று இருக்கும்வரை இந்தத் தராசு மலிவானது, துல்லியமானது. பக்கத்து மனையில் புதிதாக ஒரு அடுக்ககம் எழும்பிய வருடம் அது பொய்த்துவிடும். ஏன் பொய்த்தது என்று அது சொல்லவும் செய்யாது.

எக்செல் கணக்கு போட்டவர் எங்கள் பொருளாளர். 22.4 லட்சத்தை 54,000-ஆல் வகுத்தால் 41 நாள். அதாவது வருடத்தில் 41 நாள் தண்ணீர் மாடியிலிருந்தே வந்துவிடும். 12,000 லிட்டர் லாரி என்றால் 186 லாரி மிச்சம். ஒரு லாரி என்ன விலையோ அதால் பெருக்கு, குழாய் பதிக்கும் செலவைக் கழி, எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று பார். சுத்தமான கணக்கு. மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இதே எண்களை இருப்புக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு நாளாக. எங்கள் சம்ப் ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும். ஐப்பசியில் ஒரு நாள் 100 மில்லிமீட்டர் கொட்டுகிறது என்று வையுங்கள். மாடியிலிருந்து இறங்குவது 1.6 லட்சம் லிட்டர். சம்ப்பில் ஏற்கெனவே பாதி இருக்கிறது, ஏனென்றால் மட்டம் பாதிக்குக் கீழே போனால் போர் மோட்டார் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். அன்றைய செலவு போக 56,000 லிட்டர் தெருவுக்கு வழிகிறது. மறுநாளும் அதே மழை. இப்போது சம்ப் நிறைந்திருக்கிறது, அன்றைய செலவுக்கு மட்டும்தான் இடம். 1.06 லட்சம் தெருவுக்கு. இரண்டு நாளில் வந்தது 3.2 லட்சம், பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போனது. சென்னை மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுவது. அப்படியானால் 41 நாள் என்ற எண் எங்கே நிற்கும்?

எக்செல் பொய் சொல்லவில்லை. வருட மொத்தத்தை வருடத் தேவையால் வகுக்கும்போது நடுவில் இருக்கும் தொட்டி காணாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். (எக்செல்லிலேயே நாளுக்கு ஒரு வரி போட்டு இருப்புக் கணக்கு எழுதலாம், நான் செய்ததும் அதுதான். தகராறு மென்பொருளோடு அல்ல, அதில் எதை எழுதுகிறோம் என்பதோடு.)

அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒன்று கண்ணில் பட்டது. மழை வரும் என்று அறிவிப்பு வந்த உடனே தானியங்கி மோட்டாரை நிறுத்திவைத்து, சம்ப் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால்? அதே இரண்டு நாள் மழையில் வழிவது 1.62 லட்சத்திலிருந்து 1.12 லட்சமாகக் குறைகிறது. 50,000 லிட்டர், அதாவது நான்கு லாரிக்கு மேல், ஒரு பைசா செலவில்லாமல். வழியும் மிச்சத்தைப் பின்னால் தூர்ந்து கிடக்கும் பழைய கிணற்றுக்குத் திருப்பினால் நிலம் வாங்கிக்கொள்ளும். நான் இந்தத் தராசின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். நாம் கொடுத்த மூன்று யோசனைகளை எக்செல் வரிசைப்படுத்தித் தரும். இருப்பையும் குழாயையும் வரைந்தால் நான்காவது யோசனை படத்திலிருந்தே எழுந்து வருகிறது.

இதே சிக்கல் ஊர் அளவில் இன்னும் கூர்மையானது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து சுமார் 11 டிஎம்சி கொள்ளும். கோடைக்குக் குடிக்க வேண்டுமென்றால் மார்கழிக்குள் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் கார்த்திகையில் ஏரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரே தொட்டிக்கு எதிரெதிரான இரண்டு வேலைகள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டிவந்தது. 2019 ஜூனில் அதே ஏரி தரை தெரிய வறண்டு கிடந்தது. சராசரி மழை, சராசரித் தேவை என்று எழுதிவைத்த எந்தக் கணக்கிலும் இந்த இரண்டு வருடமும் தெரியாது.

பின்னூட்டத்துக்கு வந்தால் போர் விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. நூறு அடி இறக்குகிறோம். தண்ணீர் வருகிறது. வந்தவுடன் சிக்கனப் பேச்சு நின்றுவிடுகிறது, கார் கழுவுவது மறுபடி குழாயில்தான். உறிஞ்சுவது கூடுகிறது, மட்டம் இறங்குகிறது. பக்கத்து அடுக்ககத்துக்காரர்கள் தங்கள் போர் இருமுவதைப் பார்த்து 150 அடி இறக்குகிறார்கள். அடுத்த சித்திரையில் நாம் மறுபடி ரிக் வண்டியைக் கூப்பிடுகிறோம். எந்த வீட்டு முடிவும் முட்டாள்தனமானது இல்லை. சுழல்தான் எல்லோரையும் கீழே இழுக்கிறது. கடலோரத்தில் இதற்கு ஒரு எல்லையும் உண்டு. ஓர் அளவுக்கு மேல் உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும், மீஞ்சூர்ப் பக்கத்தில் வந்ததைப் போல. அப்புறம் மழை பெய்தாலும் உப்பு சட்டென்று திரும்பிப் போகாது.

இன்னொரு சுழல், இல்லாமல் போன சுழல். எங்கள் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸ் கட்டணத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படுகிறது. ஷவரை அரை மணி நேரம் திறந்து வைப்பவருக்கும் வாளியில் குளிப்பவருக்கும் ஒரே கட்டணம். செலவழித்த செய்தி செலவழித்தவரிடம் திரும்பி வருவதே இல்லை. படத்தில் இருப்பிலிருந்து செலவுக் குழாய்க்கு அம்பு போட முயன்றபோதுதான் அந்த அம்பு எங்கள் கட்டடத்தில் இல்லவே இல்லை என்று உறைத்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது அந்த அம்பைப் போடுவது. இதுவும் கூட்டத்தில் யாரும் சொல்லாத யோசனை.

ஊர் அளவில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வீணா சீனிவாசன், ஸ்டீவன் கோரெலிக், லாரன்ஸ் கோல்டர் மூவரும் 2010-ல் சென்னைத் தண்ணீரைப் பற்றி ஆய்வுகள் வெளியிட்டார்கள். அது சுத்தமான சிஸ்டம் டைனமிக்ஸ் அல்ல, நீரியலையும் பொருளாதாரத்தையும் கோத்த மாடல். ஆனால் இருப்பும் பின்னூட்டமும் அதிலும் உயிர்நாடி: குழாய்த் தண்ணீர் குறைந்தால் மக்கள் கிணற்றுக்கும் போருக்கும் போகிறார்கள், அவை வற்றினால் லாரிக்குப் போகிறார்கள், ஆகவே நிலத்தடி நீர்தான் ஊரின் உண்மையான சேமிப்புத் தொட்டி. கடல்நீரைக் குடிநீராக்குவது, விநியோகத்தில் திறனைக் கூட்டுவது, மழைநீர் சேகரிப்பு என்ற மூன்றையும் ஒப்பிட்டு, பின்னிரண்டையும் சேர்த்துச் செய்வதே மேல் என்று முடிவுக்கு வந்தார்கள். குழாய் ஒரு இலாகா, நிலத்தடி இன்னொரு இலாகா என்று தனித்தனித் தாளில் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

தாமதத்தையும் சென்னைக்காரர்கள் நன்றாக அறிவோம், பெயர் வைக்கவில்லை என்பதுதான் குறை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2004-ல் வீராணம் தண்ணீர் வந்தது. மீஞ்சூரில் கடல்நீர் ஆலை ஓடத் தொடங்கியது 2010-ல், நெம்மேலி 2013-ல். நடுவில் 2005-ல் ஊர் வெள்ளத்தில் மிதந்தது, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேச ஆளில்லை. 2019-ல் மறுபடி அலறல். நாள் ஒன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த மெட்ரோ வாட்டர் 52.5 கோடிக்கு இறங்கியது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டருடன் வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். அந்தக் குறைந்துபோன விநியோகத்தில்கூட அது அரை சதவீதத்துக்கும் கீழே. பஞ்சம் வந்தால் கவனம், மழை வந்தால் மறதி: இதுவும் ஒரு பின்னூட்டம்தான், செலவுக் குழாய் அல்ல, நம் கவனம்தான் அதில் ஏறி இறங்குகிறது.

இந்தக் கவனச் சுழலை ஒரு பெரிய முடிவில் கையாண்ட கதை போலியோவுடையது. முழுக்க ஒழிக்கச் செலவழிப்பதா, குறைந்த அளவில் கட்டுப்படுத்தி வைத்துக்கொண்டு பணத்தை வேறு நோய்களுக்குத் திருப்புவதா என்று 2000-களின் நடுவில் விவாதம் நடந்தது. கிம்பர்லி தாம்ஸனும் டுயின்ட்யர் டெபன்ஸும் 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு மாடலை வெளியிட்டார்கள். நோயாளிகள் குறைந்தால் அக்கறை குறையும், அக்கறை குறைந்தால் தடுப்பூசி பெறாத குழந்தைகள் என்ற இருப்பு ஏறும், பிறகு நோய் திரும்பும். ஆக, கட்டுப்பாடு என்பது மலிவான வழிபோலத் தோன்றினாலும் நெடுங்காலத்தில் செலவும் நோயும் கூடுதல் என்று காட்டினார்கள். அந்த வருடத்துச் செலவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கட்டுப்பாடே வென்றிருக்கும். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில்.

தராசுகள் எல்லோர் கண் முன்னாலும் மோதிக்கொண்டது கொரோனாவில். 2020 வசந்தத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐஎச்எம்இ என்ற நிறுவனம், முன்பு பாதிக்கப்பட்ட ஊர்களின் சாவுக் கணக்கை வளைகோடாகப் பொருத்தி, அதையே முன்னோக்கி நீட்டியது. இது நம் எக்செல் கணக்கின் அண்ணன். ஏப்ரல் தொடக்கத்தில் அது ஆகஸ்ட்வரை அமெரிக்காவில் சுமார் 60,000 சாவு என்றது. ஏப்ரல் முடிவதற்குள்ளேயே எண்ணிக்கை அதைத் தாண்டிவிட்டது. ஏறிய வேகத்திலேயே இறங்கும் என்று வளைகோடு தன் வடிவத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது, இறங்குவதற்குக் காரணம் எதுவும் அதற்குள் இல்லை. மே மாதத்தில் அவர்களே தொற்று பரவும் விதத்தை மாடலுக்குள் சேர்த்தார்கள். அந்த விதத்தின் அடிப்படை தொற்றாதவர், தொற்றியவர், மீண்டவர் என்ற மூன்று தொட்டிகள். 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதியது, சிஸ்டம் டைனமிக்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே.

அதே வருடம் மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரி நான்காவது தராசை வைத்தது. வீடு, பள்ளி, வேலையிடம் என்று ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகக் கணினிக்குள் உலவவிடும் சிமுலேஷன். ஒன்றுமே செய்யாவிட்டால் அமெரிக்காவில் 22 லட்சம், பிரிட்டனில் 5.1 லட்சம் சாவு என்றது. அவ்வளவு நடக்கவில்லையே, மாடல் தப்பு என்று கேலி செய்தார்கள். ஒன்றுமே செய்யாமல் யாரும் இருக்கவில்லை, அந்த எண்ணையும் பார்த்துத்தான் ஊர் அடங்கியது. மாடல் சொன்னதைக் கேட்டு மனிதர்கள் மாறினால், மாடல் சொன்னது நடக்காது. நாளைய வானிலையைச் சொன்னால் மேகம் கேட்டுத் திருந்துவதில்லை. அங்கே கணிப்பு பலித்ததா என்று மட்டும் பார்க்கலாம். மனிதர் இருக்கும் இடத்தில் அந்தப் பரீட்சை போதாது.

ஆளாளுக்குப் பொம்மை வைக்கும் இந்த முறையை நான் சாதாரணமாகத் தள்ளமாட்டேன். சிஸ்டம் டைனமிக்ஸின் பெரிய ஓட்டையை அதுதான் அடைக்கிறது. தொட்டிக்குள் போன தண்ணீரெல்லாம் ஒன்றுதான். யார் தண்ணீர் என்று தொட்டி பார்க்காது. "தெருவின் நிலத்தடி மட்டம் சராசரியாக 20 அடி இறங்கும்" என்று என் மாடல் சொல்லலாம். அந்த 20 அடியில் எங்கள் 300 அடி போருக்கு ஒன்றும் ஆகாது. தெருமுனையில் இருக்கும் ஓட்டு வீட்டுக் கிணறு அதற்குள் வற்றிவிடும். யாருக்கு வலிக்கும் என்பது கேள்வி என்றால், வீட்டுக்கு வீடு வேறு வேறு ஆழம், வேறு வேறு பணம் என்று வைத்து ஓட்டினால்தான் தெரியும். பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971-ல் கட்டத்தாளில் காட்டியதும் இந்த மாதிரிதான்: அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவர் கொஞ்சம் இருந்தால் போதும் என்ற மிதமான விருப்பமே ஊரை முழுக்கப் பிரித்துவிடும். சராசரி மனிதனை வைத்து அதைக் காட்ட முடியாது. ஆனால் இந்த முறைக்கு ஒவ்வொரு வீட்டின் விவரமும் வேண்டும், நிரல் எழுதத் தெரிய வேண்டும், முடிவு வந்தபின் ஏன் அப்படி வந்தது என்று கூட்டத்தில் விளக்குவது பெரும்பாடு. 100 வீட்டு அசோசியேஷனுக்கு இது மாட்டுவண்டி ஓட்ட விமானி வைப்பது போல.

என் கட்சியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1972-ல் வந்த "வளர்ச்சியின் எல்லைகள்" அறிக்கை, உலகம் முழுவதையும் மக்கள்தொகை, உணவு, தொழில், மாசு, மூலவளம் என்ற சில தொட்டிகளாக்கிக் காட்டியது. அதற்கு அடிப்படையாக, முந்தைய வருடம் ஃபாரஸ்டர் எழுதிய உலக மாடலைப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் 1973-ல் தாக்கினார். தரவு இல்லாமல் அளவெடுத்தது என்பதுதான் அவர் தலைப்பிலேயே வைத்த குற்றச்சாட்டு. அது நியாயமான கேள்வி. மறுபக்கம், முப்பது வருட உண்மை எண்களோடு 2008-ல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் டர்னர் ஒப்பிட்டபோது, எதையும் மாற்றாமல் வழக்கம்போல் ஓடினால் என்று அறிக்கை போட்ட காட்சியோடு பெரும்பாலும் பொருந்தியிருந்தது. பொருந்தியதால் மாடல் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காட்சி சொன்ன வீழ்ச்சி அந்த முப்பது வருடத்துக்கு அப்பால் இருந்தது, ஏறுமுகத்தில் பல மாடல்கள் பொருந்தும்.

எனக்கு அதைவிடப் பெரிய பாடம் 1969-ல் ஃபாரஸ்டர் செய்த நகர மாடல். பாஸ்டன் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸுடன் பேசிப் பேசிக் கட்டியது. மலிவு வீடுகள் கட்டித் தருவது நகரத்தின் நலிவைக் கூட்டும் என்று அது சொன்னதும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. விமர்சகர்கள் விரல் வைத்த இடங்களில் ஒன்று எல்லை: நகரத்தைச் சுற்றியுள்ள புறநகர்கள் அந்த மாடலில் இல்லை. எங்கள் காம்பவுண்டுச் சுவரை எல்லையாக வைத்தால் போரை இறக்குவது லாபம். தெருவை எல்லையாக வைத்தால் அது நஷ்டம். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்பதுவரை கோட்டை நீட்டினால் இன்னொரு விடை. அம்புகளும் வட்டங்களும் அழகாக வரும்போது, எல்லைக்கு வெளியே யாரை விட்டோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இன்னொரு நோய், எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போவது. நாற்பது அம்பு போட்ட படத்தைப் பார்த்து யாரும் எதையும் புரிந்துகொண்டதில்லை, வரைந்தவர் உட்பட.

ஆக எதை எடுப்பது? நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாம் எடுக்கும் முடிவுக்கு எதிரில் இருப்பது பதில் கொடுக்குமா? அடுத்த வாரம் எத்தனை லாரி சொல்லிவைக்க வேண்டும் என்பதற்கு எதுவும் பதில் கொடுக்கப் போவதில்லை. வாட்ச்மேன் அண்ணனின் அனுபவமும் ஒரு எக்செல் தாளும் தாராளம், அங்கே மாடல் கட்டுவது வெட்டி வேலை. மூன்று வருடத்துக்குப் போரா, கிணறா, மீட்டரா என்றால் நிலமும் பதில் கொடுக்கும், பக்கத்து வீடும் பதில் கொடுக்கும், நம் பழக்கமும் பதில் கொடுக்கும். அங்கே இருப்பும் பின்னூட்டமும் இல்லாத கணக்கை நான் நம்பமாட்டேன். தெருவில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் பேச்சு வந்தால், கஷ்டமாக இருந்தாலும் ஆளாளுக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மாடல்களைக் கட்ட உதவும் வென்சிம் மென்பொருளின் படிப்புக்கான பதிப்பு இலவசம். இன்சைட் மேக்கர் உலாவியிலேயே ஓடும். ஸ்டெல்லாவுக்குக் காசு. ஆனால் முதல் மாதம் இவை எதையும் திறக்காமல், வெள்ளைத் தாளில் தொட்டியும் குழாயும் வரைந்து நான்கு பேரிடம் காட்டுவதே மேல். "இந்தக் குழாய் இப்படியா திறக்கும்?" என்று ஒருவர் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. எங்கள் படத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் மாமி. போர் மட்டத்தை யாருமே அளந்ததில்லை, எதை வைத்து அம்பு போட்டாய் என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் முதல் தீர்மானமாக 200 ரூபாய்க்கு ஒரு நைலான் கயிறும் அடியில் கட்ட ஒரு குண்டும் வாங்கினோம். வாரம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், வாட்ச்மேன் அண்ணன் போரில் இறக்கி அளந்து நோட்டில் எழுதுகிறார். சம்ப் மட்டத்துக்கு இன்னொரு பத்தி. மழை அறிவிப்பு வந்தால் தானியங்கி மோட்டாரை நிறுத்துவது இரண்டாவது தீர்மானம், எதிர்ப்பே இல்லை. பழைய கிணற்றைத் தூர்வாருவதும் நிறைவேறியது. மீட்டர் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது: அதை வாங்கும் செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக்குப் பிரிப்பதா என்று சண்டை.